விஜய் ஐயரின் 'பிரேக் ஸ்டஃப்': மூன்று பேரும் சேர்ந்து வாசித்தது காதில் விழுகிறதா?

கன்னங்குறிச்சிக்காரன் | ஞாயிறு, இரவு 9.40

போன வாரம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஃபேடர் அண்ணனுடைய ஸ்டுடியோவில் ஐந்து பேர் உட்கார்ந்து அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயரின் 'பிரேக் ஸ்டஃப்' ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டோம். பியானோ விஜய் ஐயர், டபுள் பாஸ் ஸ்டீஃபன் கிரம்ப், டிரம்ஸ் மார்கஸ் கில்மோர். 2014 ஜூனில் நியூயார்க்கில் அவதார் ஸ்டுடியோவில் பதிவானது. ஒலிப்பதிவு ஜேம்ஸ் ஃபார்பர், தயாரிப்பு மான்ஃபிரெட் ஐகர். 2015இல் ஐகரின் இசிஎம் நிறுவனம் வெளியிட்டது. மொத்தம் பன்னிரண்டு உருப்படி. கேட்டு முடித்ததும் அங்கே பிடித்த வாக்குவாதம் கீழே டீக்கடைக்கு இறங்கியும் தீரவில்லை. வராதவர்களும் சொல்லட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நான் சொன்னது இதுதான். இந்த ஆல்பத்தின் உயிர், மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாசித்ததில் இருக்கிறது. பியானோ ஒரு சொல்லைப் பாதியில் விட்டால் டிரம்ஸ் அதை எடுத்துக்கொள்கிறது. டிரம்ஸ் பின்வாங்கினால் பாஸ் முன்னால் வந்து நிற்கிறது. இதையெல்லாம் முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்ள முடியாது. அந்த மூவரும் அப்போதே பத்து வருடத்துக்கு மேல் சேர்ந்து வாசித்தவர்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். போன ஆடி மாதம் எங்கள் கோயிலுக்காக நாதஸ்வரம், தவில் பதிவுக்குப் போனோம். ஊரில் ஒரு ஸ்டுடியோ. முதல் நாள் நாதஸ்வரம் மட்டும், காதில் வேகம் காட்டும் கிளிக் சத்தத்தோடு. மறுநாள் தவில்காரர் தனியாக வந்து ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அதன்மேல் வாசித்தார். அரை மணி நேரத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, "நான் யாரோட வாசிக்கிறேன்னே தெரியலீங்க" என்றார். நாற்பது வருடம் வாசித்த கை அது. வந்த பதிவில் தப்பு ஒன்றுகூட இல்லை. கோயிலில் ஒரு நாள் போட்டார்கள், அப்புறம் போடவில்லை.

நம் ஊர் ஸ்டுடியோக்கள் மறுபடியும் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு எனக்குக் கிடைத்த சாட்சி இந்த ஆல்பம்.

ஃபேடர் | ஞாயிறு, இரவு 10.25

தம்பி, என் ஸ்டுடியோவில் உட்கார்ந்து கேட்டுவிட்டு என் தொழிலையே தப்பு என்கிறாய். கோபமில்லை, பதில் சொல்கிறேன்.

முதலில், ஸ்டுடியோ ஆல்பம் என்பதே நடந்ததை அப்படியே பிடித்து வைப்பது கிடையாது. எந்த டேக்கை (ஒரு தடவை வாசித்த பதிவை) வைப்பது, எதை விடுவது, எது முதல் உருப்படி, எது கடைசி, பியானோவைச் சுற்றி எவ்வளவு வெளி தெரிய வேண்டும், எல்லாமே ஒருவர் உட்கார்ந்து எடுக்கும் முடிவு. அந்தக் குழுவே 2012இல் வேறு நிறுவனத்துக்காக 'அக்செலராண்டோ' என்று ஓர் ஆல்பம் செய்திருக்கிறது. அதே மூன்று பேர். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேள். முந்தையதில் டிரம்ஸ் முகத்துக்கு நேராக வந்து அடிக்கிறது. இதில் அதே டிரம்ஸ் இரண்டடி தள்ளிப் போய், சிம்பல் ஓசை அவிழ்ந்து தேய்வதுவரை கேட்கிறது. சேர்ந்து வாசித்தது இரண்டிலும் உண்டு. அப்படியானால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? மைக்கிலிருந்து, மிக்ஸிலிருந்து, ஐகரின் காதிலிருந்து. 1969இல் மியூனிக்கில் இசிஎம்மைத் தொடங்கியதிலிருந்து அந்த மனிதர் செய்துவருவது இதைத்தான்.

இரண்டாவது, தனித்தனியாகப் பதிந்தால் உயிர் இருக்காது என்கிறாய். 1963இல் பில் எவன்ஸ் ஓர் ஆல்பம் செய்தார். தான் வாசித்த பியானோமேல் தானே இன்னொரு பியானோ, அதற்குமேல் மூன்றாவது பியானோ. கூட வேறு ஆளே கிடையாது. அதற்கு கிராமி விருது கிடைத்தது. ஜாஸ் பியானோவின் பெரிய பெயர்களில் ஒருவர் செய்த வேலை அது. அதற்கு உயிர் இல்லை என்று சொல்வாயா?

மூன்றாவது, நாதஸ்வரமும் தவிலும். அந்த இரண்டையும் ஒரே அறையில் வைத்தால் தவில் மைக்கில் பாதி நாதஸ்வரம்தான் விழும். அப்புறம் நாதஸ்வரத்தின் ஊது சீவாளி ஓர் இடத்தில் பிசிறினால் அதை மட்டும் எடுத்துச் சரி செய்யவே முடியாது. என்னிடம் வருகிறவர்கள் மூன்று மணி நேரத்துக்குக் காசு கட்டுகிறார்கள். மூன்று மணி நேரத்தில் ஆறு பாட்டு வேண்டும் என்கிறார்கள். இந்த நிலையில் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைக்கச் சொல்வது எளிது.

லயம் அம்மாபேட்டை | திங்கள், காலை 6.10

இருவருக்கும் வணக்கம். நான் அன்றைக்கு வரவில்லை. இரவு தனியாக இரண்டு முறை கேட்டேன். முப்பது வருடமாக மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் எனக்கு வேறு ஒரு கவலை இருக்கிறது.

இந்த ஆல்பத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் கன்னங்குறிச்சிக் குமார் அனுப்பிய செய்தியில் "நம்ம ஆளு, நம்ம தாளம், அமெரிக்காவில் கொடி நாட்டியிருக்கு" என்று இருந்தது. அதைத்தான் நான் ஏற்கவில்லை.

விஜய் ஐயர் 1971இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். பெற்றோர் இங்கிருந்து போன தமிழர்கள். மூன்று வயதிலிருந்து பதினைந்து வருடம் மேற்கத்திய முறையில் வயலின் படித்தவர். பியானோ பெரும்பாலும் தானே காதால் கேட்டுப் பழகியது. 1998இல் அவர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் பட்டம் எதைப் பற்றியது தெரியுமா? மேற்கு ஆப்பிரிக்க இசை, ஆப்பிரிக்க அமெரிக்க இசை, அவற்றில் உடம்பு தாளத்தை எப்படி உணர்கிறது என்பது. இந்த ஆல்பத்தில் இருக்கும் பிறர் உருப்படிகளைப் பாருங்கள். தெலோனியஸ் மங்க், ஜான் கோல்ட்ரேன், பில்லி ஸ்ட்ரேஹார்ன். மூவரும் கறுப்பின ஜாஸ் கலைஞர்கள். 'ஹுட்' என்ற உருப்படி டெட்ராய்டைச் சேர்ந்த டெக்னோ (மெஷினில் செய்யும் ஆட்ட இசை) இசைக்காரர் ராபர்ட் ஹுட்டுக்குச் செய்த மரியாதை. கோல்ட்ரேனின் 'கவுண்ட்டவுன்' மேற்கு ஆப்பிரிக்கத் தாளக் கட்டில் போடப்பட்டது. நம் தென்னிந்தியத் தாளத்துக்குக் கடன்பட்டது என்று வெளியிட்டவர்களே சொல்வது 'மிஸ்டரி வுமன்' ஒன்றைத்தான். பன்னிரண்டில் ஒன்று.

அவர் தன் ஆசான்களாகக் காட்டுகிறவர்களை விட்டுவிட்டு நாம் பெயரைப் பார்த்து உரிமை கொண்டாடினால் அது நன்றி மறப்பதாகும். நம் வித்வான்களின் பெயரைச் சொல்லாமல் ஒருவர் நம் கோர்வையை (மூன்று முறை சொல்லி முடிக்கும் தாளக் கணக்கை) எடுத்து வாசித்தால் நமக்கு எப்படி இருக்கும்?

கன்னங்குறிச்சிக்காரன் | திங்கள், காலை 7.30

ஐயா, "நம்ம ஆளு" என்று எழுதியது தப்புதான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. டிரம்ஸ் வாசிக்கும் மார்கஸ் கில்மோர் தபலா மேதை ஜாகீர் உசேனிடம் பாடம் கேட்டவர். அந்த வழியாகத்தான் நம் கணக்கு இந்த ஆல்பத்துக்குள் வந்திருக்கிறது.

அதைவிட, தலைப்பையே பாருங்கள். 'பிரேக்' என்றால் இடைவெளி. இசையில் வரும் இடைவெளியும் இசைதான், அதற்குள்ளும் ஏதாவது செய்யலாம் என்பதுதான் அந்தத் தலைப்பின் கருத்து என்று விஜய் ஐயரே சொல்லியிருக்கிறார். நீங்கள் எனக்குக் கார்வை (சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளி) பற்றிச் சொல்லிக்கொடுத்தது அப்படியே இதுதானே?

லயம் அம்மாபேட்டை | திங்கள், காலை 8.05

கில்மோர் ஜாகீர் உசேனிடம் சிஷ்யராக இருந்தது 2018, 2019இல், ரோலக்ஸ் நிறுவனத்தின் குரு சிஷ்யத் திட்டத்தில். ஆல்பம் பதிவானது 2014இல். தேதி இடிக்கிறது குமார். கில்மோரின் தாத்தா ராய் ஹெய்ன்ஸ். சார்லி பார்க்கருக்கும் கோல்ட்ரேனுக்கும் டிரம்ஸ் வாசித்தவர். அந்தப் பேரனின் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் முதலில் தாத்தாவைத்தான் சொல்ல வேண்டும்.

கார்வை விஷயம் நல்ல கேள்வி. அதற்கு நிதானமாகப் பதில் சொல்கிறேன்.

ததிகிணதொம் என்ற ஐந்தை மூன்று முறை சொல்லி, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை (தாளத்தின் சிறு அளவு) கார்வை விட்டால் 5, 2, 5, 2, 5. மொத்தம் 19. ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு) 32 மாத்திரை என்று வைத்தால், 13 தள்ளி எடுக்க வேண்டும். அப்போதுதான் முடிந்த கையோடு சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் அடியில், விழும். ஆக நம் கார்வை கணக்குக்குள் இருக்கிற வெற்றிடம். ஒரு மாத்திரை கூடினாலும் குறைந்தாலும் கோர்வையே சரிந்துவிடும். வாசிக்கிறவன் அங்கே ஒன்றும் செய்யக் கூடாது, காத்திருக்க வேண்டும்.

ஜாஸில் பிரேக் என்பது வேறு. எல்லாரும் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். ஒருவர் மட்டும் துணையில்லாமல் இரண்டு அல்லது நான்கு பார் (அவர்கள் தாளச் சுற்று) வாசித்துக்கொண்டே போவார். தாளம் நின்ற மாதிரி இருக்கும், ஆனால் எல்லார் மனதிலும் ஓடிக்கொண்டிருக்கும். 1973இல் நியூயார்க்கில் பிராங்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் இரண்டு ரெக்கார்டு பிளேயரை வைத்து, பாட்டில் டிரம்ஸ் மட்டும் தனித்து வரும் அந்தத் துண்டையே மாற்றி மாற்றி நீட்டினார். ஹிப்ஹாப் பிறந்தது அந்த இடைவெளியிலிருந்துதான். அவர்களுக்கு அது இறங்கி ஆடுகிற இடம், நமக்குக் கை கட்டி நிற்கிற இடம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட்டால் இரண்டுமே கெட்டுவிடும்.

தறிச்சத்தம் | திங்கள், மதியம் 1.15

வணக்கம். நான் காலேஜ் இரண்டாம் வருடம். ஜாஸ் இதுவரை கேட்டதே இல்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் போனிலேயே கேட்டேன். பாதி புரியவில்லை, பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் 'ஹுட்' வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் நான்கு விசைத்தறி. நான்கும் ஒரே மாதிரி ஓடுவதாகத்தான் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் இம்மியளவு வேறு வேகம். அதனால் சத்தம் கொஞ்ச நேரம் ஒன்றாகச் சேர்ந்து அடிக்கும், பிறகு மெல்லப் பிரியும், குழம்பும், மறுபடி வேறு ஒரு ஜோடி சேரும். சின்ன வயதில் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகியவள் நான். ஒரு தறி நின்றால் உடனே விழிப்பு வந்துவிடும். 'ஹுட்'டில் பியானோவும் டிரம்ஸும் ஒரே சின்னத் துண்டை விடாமல் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. ஒன்றுமே மாறவில்லை என்று நினைக்கும்போது எங்கேயோ ஓர் அடி நகர்ந்திருக்கிறது. எந்த இடத்தில் நகர்ந்தது என்று பிடிக்க முடியவில்லை. அப்படியே எங்கள் வீடு.

டெட்ராய்ட் கார் தொழிற்சாலை ஊர் என்று படித்தேன். அங்கிருந்து வந்த மெஷின் இசையை மூன்று பேர் மெஷினே இல்லாமல் கையால் வாசிக்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இதைத் தனித்தனியாகப் பதிவு செய்திருக்க முடியுமா, முடியாதா?

ஃபேடர் | திங்கள், மதியம் 2.00

முடியும்மா. கிளிக் போட்டு அடித்தால் இன்னும் சுத்தமாகவே வரும். ராபர்ட் ஹுட் அந்த வகை இசையை மெஷினில்தானே செய்தார்? அதில் உயிர் இல்லையா? மெஷினில் செய்தது நல்லதாக இருக்கப்போய்த்தான் இவர்கள் அதை எடுத்து வாசித்திருக்கிறார்கள். என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கன்னங்குறிச்சிக்காரன் | திங்கள், மாலை 6.20

அண்ணா, அங்கேதான் வேறுபடுகிறேன். தறி நான்கும் தனித்தனி மோட்டார். ஒன்று இன்னொன்றைக் கேட்பதில்லை. சேர்வதும் பிரிவதும் தானாக நடக்கிறது. 'ஹுட்'டில் பிரிகிற நேரத்தை மூன்று பேர் ஒருவரை ஒருவர் கேட்டு முடிவு செய்கிறார்கள். பியானோ நகரும்போது கில்மோர் அதை விழுங்கிவிடுகிறார், ஹை-ஹேட்டை (காலால் மூடித் திறக்கும் சிம்பல் ஜோடியை) துளி அசைத்து அதற்கு இடம் கொடுக்கிறார். கிளிக் போட்டால் அந்த இடம் கொடுத்தல் எங்கே வரும்? கிளிக் யாருக்கும் இடம் கொடுக்காது.

பில் எவன்ஸ் விஷயத்துக்கும் சொல்லிவிடுகிறேன். அவர் தன்னோடு தானே பேசினார். அது ஓர் அரிய வேலை, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தவில்காரர் தன்னோடு தானே பேசிக்கொள்ள வரவில்லை. நாதஸ்வரத்தோடு பேச வந்தார்.

இன்னொன்று, அறை. அவதார் ஸ்டுடியோ இருக்கும் கட்டடம் ஒரு காலத்தில் கான் எடிசன் கம்பெனியின் மின்நிலையம். அதை 1977இல் ஸ்டுடியோவாக்கி, பவர் ஸ்டேஷன் என்றே பெயர் வைத்தார்கள். 1996இல் அவதார் ஆனது. அதன் பெரிய கூடத்துக்கு மரத்தால் செய்த உயரமான கூரை. அந்த இடம் கைமாறிப் போகும் நிலை வந்தபோது 2017இல் பெர்க்லீ இசைக் கல்லூரி எடுத்துக்கொண்டது. இப்போது மறுபடி பவர் ஸ்டேஷன் என்ற பெயரிலேயே இருக்கிறது.

நான் தினமும் வேலைக்குப் போகும் வழியில், ஏற்காடு ரோட்டில், மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறது. 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். மலையாளத்தின் முதல் பேசும் படத்தை எடுத்ததும் அவர்கள்தான். அந்தக் காலத்தில் பாட்டுப் பதிவு என்றால் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக நிற்பார்கள். ஒருவர் தப்பு செய்தால் எல்லாரும் முதலிலிருந்து. சேலத்துக்காரர்கள் இதையெல்லாம் நியூயார்க்கிலிருந்து கற்க வேண்டியதே இல்லை. நம்மிடம் இருந்தது. இன்றைக்கு வளைவு மட்டும் மிச்சம். அதைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஃபேடர் | திங்கள், இரவு 8.45

வளைவைப் பார்த்தால் எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒரே மைக் முன்னால் எல்லாரும் நின்ற காலத்தில் யார் கஷ்டப்பட்டார்கள் என்பதையும் யோசி. கோரஸில் ஒரு பெண் இருமினால் மொத்தமும் மறுபடி. நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதியும் மல்டிடிராக் வந்ததால்தான் புதிதாக வருகிற பிள்ளைக்கும் இன்னொரு வாய்ப்புக் கிடைக்கிறது. பயந்து பயந்து பாடுகிற பெண்ணுக்கு நான் பத்து டேக் கொடுக்கிறேன். அவள் பத்தாவது டேக்கில் சிரித்துக்கொண்டே பாடுகிறாள். பின்னால் முப்பது பேர் காத்துக்கொண்டு நின்றால் அந்தச் சிரிப்பு வராது. இதையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறேன்.

சேர்ந்து வாசித்துப் பதிவு செய்வது கெட்டிக்காரர்களுக்கான முறை. பத்து வருடம் சேர்ந்து வாசித்த மூன்று பேருக்கு அது சரி. எல்லாருக்கும் அதையே விதியாக்கினால் பாதிப் பேருக்குக் கதவு சாத்திவிடும்.

நாகலூர் டீச்சர் | திங்கள், இரவு 9.30

நான் ஏற்காட்டில் இருபத்திரண்டு வருடமாகப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். மைக் பற்றியும் தாளம் பற்றியும் இவ்வளவு பேசினீர்கள், பியானோவைப் பற்றி யாருமே பேசவில்லை. சேலத்தில் கீபோர்டையே பியானோ என்று சொல்வதால் வந்த வினை என்று நினைக்கிறேன்.

பியானோ பெரும்பாலும் மரத்தால் ஆனது. 88 கட்டைக்கு இருநூறுக்கும் மேல் கம்பிகள். பெரிய பியானோவில் அவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுவை பதினெட்டு, இருபது டன் வரும். அந்த இழுவையைத் தாங்கி நிற்பது உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம், ஓசையைப் பெருக்கித் தருவது கம்பிகளோடு சேர்ந்து அதிரும் மரப் பலகை. காற்றில் ஈரம் ஏறினால் பலகை உப்பும், சுருதி ஏறும். காய்ந்தால் இறங்கும். இங்கே மழைக்காலத்தில் ஜன்னல் திறந்திருந்தால் மேகம் வகுப்புக்குள்ளேயே வந்துவிடும். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் ஒரு பழைய பியானோ இருந்தது. ஐப்பசி வந்தால் நடுவில் ஆறேழு கட்டை அழுத்தினால் எழும்பாது. உள்ளே ஒரு நாற்பது வாட் பல்பை எரிய விட்டு ஈரத்தை ஓட்டுவோம். சுருதி சேர்ப்பவர் பெங்களூரிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிது. அவர் கீழே இறங்கின வாரமே சுருதியும் இறங்கத் தொடங்கிவிடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த ஆல்பத்தில் 'பிளட் கவுண்ட்' என்று ஓர் உருப்படி. பில்லி ஸ்ட்ரேஹார்ன் 1967இல் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது எழுதி முடித்தது. அவர் கடைசியாக முடித்தது அதுதான். விஜய் ஐயர் அதைத் தனியாக வாசிக்கிறார். பாஸ் இல்லை, டிரம்ஸ் இல்லை. ஒரு சுரத்தை அழுத்திவிட்டு அது அடங்குவதுவரை அடுத்ததுக்குப் போகாமல் இருக்கிறார். சுருதி சுத்தமாக இருந்தால்தான் அந்த அடங்கல் நேராக இறங்கும். ஒரு சுரத்துக்கு இருக்கும் மூன்று கம்பியில் ஒன்று பிசகினாலும் நீண்ட சுரம் அலைபோல் ஆடும். வேகமான உருப்படியில் அது தெரியாது. இதில் தப்பிக்க முடியாது. அந்தப் பதிவில் எனக்கு முதலில் கேட்டது பியானோவைத் தயார் செய்தவரின் கை.

குமார் தம்பி, மூவரும் சேர்ந்து வாசித்ததுதான் உயிர் என்கிறாய். ஆல்பத்தில் என்னை அழ வைத்த உருப்படியில் ஒருவர்தான் இருக்கிறார்.

கன்னங்குறிச்சிக்காரன் | திங்கள், இரவு 10.10

டீச்சர், இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. மறுபடி கேட்டுவிட்டு வருகிறேன்.

தறிச்சத்தம் | திங்கள், இரவு 10.50

டீச்சர் சொன்னதும் 'பிளட் கவுண்ட்' கேட்டேன். போனில் அந்த அடங்கல் பாதியிலேயே காணாமல் போகிறது, அதற்குள் பக்கத்து அறையில் தறிச் சத்தம் வந்து மூடிவிடுகிறது. இதை எங்கே கேட்கலாம்?

ஃபேடர் | திங்கள், இரவு 11.05

ஸ்டுடியோவுக்கு வாம்மா. அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு வா. சனிக்கிழமை மதியம் யாரும் பதிவுக்கு இல்லை.

டீச்சர், ஒன்று கேட்க வேண்டும். நான் கம்ப்யூட்டரில் இருக்கும் பியானோவைத்தான் எல்லாப் பாட்டுக்கும் வைக்கிறேன். நல்ல பியானோவின் ஒவ்வொரு சுரத்தையும் பல அழுத்தத்தில் பதிந்து வைத்தது. உங்கள் காதுக்கு அதில் என்ன குறைகிறது?

நாகலூர் டீச்சர் | செவ்வாய், காலை 5.50

பெடலை மிதித்துக்கொண்டு ஒரு கட்டையை அழுத்துங்கள். அழுத்தாத கம்பிகளும் அதோடு சேர்ந்து முனகும். அதை இப்போது கம்ப்யூட்டர் பியானோவும் ஓரளவு செய்துவிடுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உண்மையான பியானோ பக்கத்தில் டிரம்ஸ் அடித்தாலும் முனகும். பாஸ்காரர் கீழ் சுரத்தை இழுத்தாலும் அதன் உள்ளே எங்கோ ஒரு கம்பி பதில் சொல்லும். யாருமே கட்டையைத் தொட்டிருக்க மாட்டார்கள். என் வகுப்பில் பிள்ளைகள் கை தட்டினால்கூடப் பெடல் மிதித்திருக்கும் பியானோ அதைத் திருப்பிச் சொல்கிறது.

நேற்று குமாரை மறுத்தேன். இதில் அவன் பக்கம்.

லயம் அம்மாபேட்டை | செவ்வாய், காலை 6.30

மிருதங்கத்திலும் அது உண்டு டீச்சர். பக்கத்தில் இன்னொரு மிருதங்கம் அதே சுருதியில் சேர்த்து வைத்திருந்தால், தொடாமலே வலந்தலை (வலது பக்கத் தோல்) அதிரும். மாணவர்களுக்கு அதைக் காட்டித்தான் சுருதி சேர்ப்பது எப்படி என்று புரிய வைப்பேன்.

நேற்று 'மிஸ்டரி வுமன்' மட்டும் நாலைந்து முறை கேட்டேன். கையில் தாளம் போட்டுப் பார்த்தேன். நம் நடை மாற்றம் மாதிரி ஓர் அடிக்குள் பிரிவுகள் மாறுகின்றன. ஆனால் அவர்கள் முடிவுக்கு வந்து சேரும் விதம் வேறு. நாம் சமத்தில் எல்லாருமாக இறங்கி, கேட்பவரும் தலையை ஆட்டுகிற மாதிரி முடிப்போம். இவர்கள் சமத்தைத் தொட்டும் தொடாமலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. மூன்றாம் முறை அந்தத் தாண்டல் பிடித்துவிட்டது. மாணவர்களுக்கு இந்த வாரம் இதைப் போட்டுக் காட்டப் போகிறேன், மங்க் வாசித்த மூல 'வொர்க்'கோடு (இந்த ஆல்பத்தில் விஜய் ஐயர் எடுத்து வாசிக்கும் மங்கின் உருப்படி) சேர்த்து. யாரிடமிருந்து எது வந்தது என்று தெரிந்துகொண்டு கேட்கட்டும்.

கன்னங்குறிச்சிக்காரன் | செவ்வாய், இரவு 9.15

டீச்சர், 'பிளட் கவுண்ட்' மூன்று முறை கேட்டேன். அதற்கு முன்னால் இருக்கும் ஆறு உருப்படியிலும் மூவரும் இருக்கிறார்கள். ஏழாவதாக இது வரும்போது மற்ற இருவர் இல்லாதது தெரிகிறது. அவர் ஒரு சுரம் அடங்குவதற்குக் காத்திருக்கும்போது, கிரம்ப் இங்கே ஏதாவது சொல்லியிருப்பார் என்று என் காது எதிர்பார்க்கிறது. அவர் சொல்லவில்லை. இது என் வாதத்தைக் காப்பாற்றும் என்று சொல்லவில்லை. நான் கேட்டது அப்படி.

ஃபேடர் அண்ணா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தத் தவில்காரரிடம் இன்று பேசினேன். நாதஸ்வரக்காரரும் வரத் தயார். ஒரு நாள் முழுக்க உங்கள் ஸ்டுடியோவுக்கு உண்டான வாடகையைக் கோயில் நண்பர்கள் நாங்கள் பகிர்ந்து கட்டிவிடுகிறோம். ஆறு பாட்டு வேண்டாம், ஒரு மல்லாரி, ஓர் ஆலாபனை, ஒரு கீர்த்தனை போதும். கிளிக் இல்லாமல், இருவரும் பார்த்துக்கொள்ளும்படி உட்கார்ந்து.

ஃபேடர் | செவ்வாய், இரவு 9.50

வரட்டும். அடுத்த வியாழன் காலையில் வைத்துக்கொள்வோம். கிளிக் போட மாட்டேன். ஹெட்ஃபோனும் வேண்டாம். ஆனால் தவிலைக் கேபினுக்குள் வைத்து நடுவில் கண்ணாடிக் கதவைச் சாத்துவேன். பார்த்துக்கொள்ளலாம், மைக்கில் கலக்காது.

கன்னங்குறிச்சிக்காரன் | செவ்வாய், இரவு 9.55

ஹெட்ஃபோன் இல்லாமல் கதவையும் சாத்தினால் அவருக்கு நாதஸ்வரம் எப்படிக் கேட்கும் அண்ணா? கதவு திறந்திருக்கட்டும்.

ஃபேடர் | செவ்வாய், இரவு 10.20

திறந்து ஒரு டேக், சாத்தி ஒரு டேக். சாத்தும்போது மட்டும் ஹெட்ஃபோன். இரண்டையும் போட்டுக் காட்டுகிறேன், எதை வைப்பது என்று தவில்காரரே சொல்லட்டும்.

லயம் அம்மாபேட்டை | புதன், காலை 6.05

திறந்த டேக்கை முதலில் எடுங்கள். சாத்தியதை முதலில் எடுத்தால் அவர் கை அதிலேயே சோர்ந்துவிடும். நானும் வருகிறேன்.